மண்டோர் கடை நிற்கும் இடம்

சிரம்பானிலிருந்து செனாவாங் வரும் பஸ்ஸில் ஏறி ‘மண்டோர் கடை’ என்றால் போதும், கண்டக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். அப்படி ஒரு பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. கடையின் முகப்பில் எழுதியிருப்பது வேறு. நகராண்மைக் கழகம் அந்தச் சாலைக்கு வைத்திருப்பது ஏதோ ஒரு பூவின் பெயர். ஆனால் தொழிற்சாலை வேலைக்கென்று கிளந்தானிலிருந்து வந்திருக்கும் பெண்கள்கூட ‘கெடாய் மண்டோர்’ என்றுதான் இறங்குகிறார்கள். மூலை வீடு ஒன்றின் பக்கவாட்டில் தகரம் இறக்கிக் கட்டிய சின்ன மளிகைக் கடை அது. ரொட்டி, கொசுவத்தி, கோழித் தீவனம், வெள்ளிக்கிழமை என்றால் வெற்றிலையும் பூவும் கிடைக்கும்.

அந்தத் தகரக் கூரையின் கீழே என் அறை வந்திருக்க வேண்டும்.

இப்போது செனாவாங்கைப் பார்ப்பவர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்தது போலத் தோன்றும். ஷிப்டு முடிந்து கொட்டும் மோட்டார் சைக்கிள்கள், தொழிற்சாலை பஸ்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சிரம்பானுக்கு வயதான பேட்டைகள் உண்டு. ராசா அப்படி ஒன்று. கோயில், மாமரம், கிராணிமார் எனப்படும் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கணக்கர்கள், தலைமுறை தாண்டிய சின்னக் கடைகள் என்று அது பாட்டுக்கு அமர்ந்திருக்கும். நாங்கள் குடியேறிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பேட்டைக்கு, வயது மிகக் குறைவு. அது எப்படி உண்டானது என்பது எனக்கு முழுதாகத் தெரியும். நான் அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன், யாருக்கு எந்த வீடு என்று எழுதிய மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன் அங்கே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அதைப் பற்றி உருகி எழுத எனக்கு எதுவும் இல்லை. மழையில் ஒழுகும் கூரையும் வெளிக் கழிவறைக்குப் போகும் வழியில் பாம்பும் இருந்த இடம். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் எங்கள் தாமானைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் லயம் பலகையால் ஆனது. ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பும் கூரைவரை போகாது. எல்லா வீட்டுப் புகையும் எல்லா வீட்டுப் பேச்சும் தலைக்கு மேலே கலந்துகொள்ளும். முதல் வீடு மண்டோருடையது. வேலையாட்களைப் பிரித்துவிட்டு மேற்பார்வை செய்பவர் அவர். முன்காலத்தில் அலாரம் கடிகாரம் அவரிடம் மட்டும்தான் இருந்ததாம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் இடத்துக்கு, எல்லாரும் போய் நிற்க வேண்டும். அதனால் அவர் எழுந்ததும் பக்கத்து வீட்டுச் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த வீட்டில் ‘எழுந்துவிட்டேன்’ என்று திருப்பி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த சுவரில் இரண்டு தட்டுவார்கள். இப்படியே அந்தத் தட்டல் லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகும். பிறகு எல்லார் வீட்டிலும் கடிகாரம் வந்துவிட்டது, ஆனாலும் தட்டல் நிற்கவில்லை. சேவல் கூவி நான் எழுந்ததே இல்லை. தட்டல் எங்கள் வீட்டைக் கடந்து போகும்போதுதான் எழுவேன்.

எங்களுக்கு அடுத்தது கடைசி வீடு. அங்கே அத்தை இருந்தார். ரத்த உறவில்லை, சுவர் உறவுதான். மாமா இறந்த பிறகு அவர் தனியாக இருந்தார், பிள்ளைகள் இல்லை. அவருக்கு வலிப்பு உண்டு. முன்னறிவிப்பு எதுவும் இருக்காது, விழுந்துவிடுவார். அதனால் அம்மா அந்தக் கடைசிச் சுவரைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் காத்திருப்பார். பதில் தட்டல் வந்த பிறகுதான் எங்கள் அடுப்பு எரியும்.

நான் தமிழ்ப்பள்ளியில் கீழ் வகுப்பில் படித்தபோது ஒரு காலையில் பதில் வரவில்லை. அம்மா மறுபடி தட்டினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அப்பா என்னைத் தூக்கித் தடுப்பின் மேல் வைத்தார். “அந்தப் பக்கம் அரிசி டின்னு இருக்கு, அதுமேல கால வச்சு எறங்கு. பயப்படாத” என்றார். இறங்கினேன். அத்தை அடுப்படியில் கிடந்தார். கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, வாயோரம் நுரை. நான் அவரைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டியிருந்தது. தாண்டினேன், திறந்தேன். கூட்டம் உள்ளே வந்தது. யாரோ கையில் இரும்பு கொடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்சர் வந்து, இரும்பும் வேண்டாம் கரும்பும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றார். அன்று மாலை அத்தை எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, “ஏன்டி, செவுரு ஏறிக் குதிச்சு வந்தியாமே? திருட்டுக் கழுத” என்று சிரித்தார்.

தோட்டம் விற்கப்பட்டபோது, அங்கே எழும்பப்போகும் தாமானில் குறைந்த விலையில் எங்களுக்கு வீடு தருவதாக ஏற்பாடானது. முன் வரிசை வீடுகளை வெளியாட்களுக்கும் விற்றார்கள். எங்களுக்கு எந்தெந்த வீடு என்பது குலுக்கலில் முடிவானது. தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். எங்கள் முறை வந்தபோது அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

“படிக்கிற கை. நீயே எடு.”

எடுத்தேன். முன் வரிசை, மூலை வீடு. மண்டபமே ‘ஓ’ என்றது. எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கியவற்றில், ‘கோணரு’ என்று அவர்கள் சொல்லும் மூலை வீடு அது ஒன்றுதான்; பக்கவாட்டில் கூடுதல் நிலம் உண்டு. அப்பா வெளியே வந்ததும் குச்சியால் மண்ணில் கோடு போட்டார். “இங்கன கதவு, இங்கன ஜன்னலு. ஒனக்கு ரூமு. மேச போட்டு நீ பாட்டுக்குப் படி, ஒருத்தன் வரமாட்டான்” என்றார். எங்கள் குடும்பத்தில் யாரும் ஆறாம் வகுப்புக்கு மேல் போனதில்லை. நான் அதுவரை படித்ததெல்லாம் தலைக்கு மேலே பத்து வீட்டுப் பேச்சு ஓடும் இடத்தில்தான். அந்த மண் கோட்டுக்குள் நான் போய் நின்று பார்த்தேன். இன்றைக்கும் அந்த அறையின் அளவு எனக்குத் தெரியும்.

அத்தைக்கு விழுந்தது மூன்றாம் வரிசையின் நடு வீடு. அவருக்கு அந்தப் பக்கம் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, ஆண்கள் எல்லாரும் இரவு ஷிப்டு. இந்தப் பக்கம் மண்டோர். வேலைக்காரர்களோடு ஒட்டி உட்கார மண்டோருக்கு ஒருநாளும் பிடிக்காது.

வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். அம்மா மூலை வீட்டுக்குள் நுழையவே இல்லை. மூன்றாம் வரிசைக்குப் போய், பூசாத செங்கல் சுவரைக் கையால் தட்டினார். சத்தமே இல்லை. பிறகு அண்ணாந்து பார்த்தார்.

“செவுரு மேலவரைக்கும் போவுது” என்றார். அவ்வளவுதான். நான் புரிந்துகொண்டேன், கோபமும் வந்தது.

சாவி கொடுக்கும் நாளுக்கு முன், இரண்டு குடும்பங்களும் சம்மதித்தால் வீடுகளை மாற்றிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாங்கள் அத்தையிடம் போவானேன், அத்தை எங்களிடம் வரட்டுமே. எங்கள் மூலை வீட்டுக்கு அடுத்த வீட்டை வாங்கியிருந்தவர் வெளியாள், ராசாவில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரிய கிராணி. அவர் சம்மதித்தால் யாருக்கும் நட்டமில்லை. நான் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

அப்பா சிரித்தார். “கிராணி வீட்டு வாசல்ல நாங்க செருப்ப கழட்டித்தான் நின்னுருக்கோம். நீ போய் ஒக்காந்து பேசிட்டு வா, பாப்போம்.”

பள்ளி முடிந்ததும் சீருடையிலேயே பஸ் ஏறினேன். சீருடையில் இருந்தால் யாரும் எந்தத் தோட்டம் என்று கேட்கமாட்டார்கள் என்று ஒரு எண்ணம். ராசாவில் அந்த வீடு மரங்களுக்கு உள்ளே தள்ளி இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாய் எழுந்து வந்தார்.

“இரும் பிள்ளை. எந்தத் தோட்டம்?”

சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னேன். அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஆறாம் படிவமோ? தோட்டத்துப் பிள்ளை எண்டு சொல்லேலாது, என்ன வடிவாக் கதைக்கிறா” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடானது.

விஷயத்தை எடுத்துச் சொன்னேன். தட்டுவது, பதில் தட்டுவது, வலிப்பு எல்லாவற்றையும். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்ப, சுவரைத் தட்டுறதுக்காக வீடு மாத்திறதோ?”

“ஆமாங்க.”

“இஞ்சை பாரும் பிள்ளை. உது மகனுக்கெண்டு வாங்கினது. முன் வரிசை எண்டபடியால்தான் வாங்கினது. மூண்டாம் வரிசைக்கு அவன் சம்மதியான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “எங்கட வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலை ஒரு மாமரம் நிக்குது, கண்டீரோ? அவை இருமினாலும் எங்களுக்குக் கேளாது. அதுதான் நிம்மதி.”

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அப்படி ஒரு மாமரம்தானே வேண்டியிருந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்த ‘இருமினாலும் கேளாது’ என்ற பேச்சு மட்டும் கூடவே வந்தது. அத்தையின் இருமல், கொட்டாவி, பாயைச் சுருட்டுகிற சத்தம் எல்லாம் எனக்கு அத்துப்படி. எதைக் கேட்டாலும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தால் அத்தை எங்கள் வாசலில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னால ஒரு பொம்பளப் புள்ளைக்கு ரூமு போச்சுன்னு எனக்குப் பேரு வேணாம். கோணரு வீடு கெடைக்க ஊரே சாமி கும்புடுது. நீ அத தூக்கி மண்டோருகிட்ட குடுப்பியா? லூசா நீ?”

“நான் குடுக்கறேன்னு சொன்னனா அண்ணி?”

“ஒன் மூஞ்சி சொல்லுது லா.”

அப்பா கதவோரம் நின்று, “ரூமு அவளுக்கு. அவளே சொல்லட்டும்” என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகப் பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

மாற்றும் நாள் வந்தது. பள்ளி மண்டபத்தில் ஒரு மேசை, அதன் பின்னால் மலாய் அதிகாரி. பாசார் மலாய், அதாவது கடைத்தெருப் பேச்சு, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் வரும். கையெழுத்துப் போடும் மலாய் எனக்குத்தான் வரும். அதனால் என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் பார்த்தேன், எங்கள் லயத்து ஆட்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் வரிசைக்காரர் மூன்றாம் வரிசைக்கு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விழுந்தவர் நடுவுக்கு. நல்ல வீட்டைக் கொடுத்துச் சாதா வீட்டை வாங்கினார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் இப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே வேண்டுமாம் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி திறந்து எழுதினார். எங்கள் கண் முன்னால், அந்த மூன்றாம் வரிசையில், எங்கள் லயம் திரும்ப அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஓர் இடம் மட்டும் சரியாகவில்லை. அத்தைக்குப் பக்கத்து வீடு.

மண்டோர் என் அம்மாவோடு வந்து நின்றார். பேன்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

“எனக்குக் கோணரு வேணும் லா. அவுங்க குடுத்தா வாங்கிக்கறேன். கேளு பாப்பா” என்றார்.

அதிகாரி அம்மாவைப் பார்த்து, சம்மதமா என்று மலாயில் கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியும். ஆனாலும் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பதில் தட்டலுக்காகச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பாரே, அதே முகம்.

மண் கோடு நினைவுக்கு வந்தது, மேசையும் ஜன்னலும் வந்தன. அரிசி டின்னின் மேல் கால் வைத்தபோது அது ஆடியதும் வந்தது. இந்தச் சுவரில் ஏற முடியாது. யாரையும் தூக்கி அந்தப் பக்கம் இறக்க முடியாது. சத்தமாவது போக வேண்டும், சாவியாவது கையில் இருக்க வேண்டும்.

சம்மதம் என்று மலாயில் சொன்னேன். அவர் எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

வெளியே மண்டோர் என் தலையைத் தட்டி, “ஒங்கப்பன விட நீ பெரிய மொதலாளி” என்றார்.

குடியேறிய முதல் வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. செங்கல் சுவரில் விரல் முட்டியால் தட்டினால் கேட்கவில்லை. அம்மா யோசித்து, தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியை எடுத்தார். இனி அதற்கு வேறு வேலை இல்லை. அதன் மரப்பிடியால் தட்டினார். கணீரென்று கேட்டது. அத்தை பதில் தட்டினார். அதோடு நின்றிருக்க வேண்டும். கை வழக்கம், அத்தை அந்தப் பக்கச் சுவரையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். அங்கே இரவு ஷிப்டு முடிந்து அப்போதுதான் படுத்தவர்கள்.

“எந்தப் பேய்டா அது!” என்று ஒரு குரல் கிளம்பியது. “நாங்க தூங்கவே இல்ல, எங்கள எழுப்பறீங்களா?”

“தம்பி, பெரட்டுக்கு நேரமாச்சுன்னு...” என்று அத்தை இங்கிருந்து கத்தினார்.

“பெரட்டா? ஆத்தா, தோட்டத்த வித்துட்டாங்க, தெரியுமா தெரியாதா?”

அன்றைக்கு மூன்றாம் வரிசை முழுக்கச் சிரிப்பு.

அறை போனதைப் பற்றி அப்பா ஒருநாளும் பேசவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை பிளைவுட் பலகைகளோடு வந்து கூடத்தின் மூலையில் ஒரு தடுப்பு அடித்தார். பலகை போதவில்லை, தடுப்பு கூரைவரை எட்டவில்லை. மேலே எல்லாச் சத்தமும் வந்தது. அதற்குள் உட்கார்ந்து படித்துத்தான் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதினேன், தேறினேன். எங்கள் குடும்பத்தில், அந்த லயத்தில், பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கோலாலம்பூர் விடுதியில் முதல் காலை, தூக்கக் கலக்கத்தில் என் கை தானாகப் போய்ச் சுவரை இரண்டு தட்டுத் தட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருப்பு வந்து விழுந்த சத்தம்தான் பதில்.

படிப்பு முடிந்து சிரம்பானிலேயே ஆசிரியை வேலை கிடைத்துத் திரும்பி வந்தேன். அதற்குள் அந்த மூலை நிலத்தில் மண்டோர் தகரம் இறக்கிக் கடை போட்டிருந்தார். பஸ் அங்கே நிற்கத் தொடங்கி, நிறுத்தத்துக்குப் பெயரும் ஏறிவிட்டது. ராசா கிராணியின் மகன் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. அதில் இப்போது தொழிற்சாலைப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மண்டோர் எட்டிப் பார்த்து, “வா பாப்பா, ஒன் ரூமுல வந்து கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போ” என்பார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. சில நாள் உட்காருவேன். ஜன்னல் வரவேண்டிய இடத்தில் இப்போது முட்டை அடுக்கியிருக்கிறது. நல்ல அறையாகத்தான் இருந்திருக்கும்.

அம்மா இப்போது தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அவருக்கு இரவு வேலை வரும் வாரங்களில் தட்டுவது என் பொறுப்பு. கத்தி ஓர் ஆணியில் தொங்குகிறது, அதன் பக்கத்து ஆணியில் அத்தை வீட்டுச் சாவி. போன வருடம் ஒரு காலையில் தட்டினேன், பதில் வரவில்லை. மறுபடி தட்டாமல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடுப்படியில்தான் கிடந்தார், அதே மாதிரி. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு என் துப்பட்டாவை மடித்து வைத்து, இழுப்பு அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று பள்ளிக்குத் தாமதம்.

இன்று காலையும் தட்டினேன். பதில் வரக் கொஞ்சம் நேரமானது. என் கை சாவிப் பக்கம் போய்விட்டது. பிறகு அந்தப் பக்கம் ஒரு தட்டல், அதோடு ஒரு குரல்.

“இருக்கேன் லா, டீச்சரம்மா. செவுத்த ஒடச்சிப்புடாத.”

கத்தியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.